லித் பிரிண்ட்: கடிகாரத்தை நம்புவதா, கண்ணை நம்புவதா?

மங்கலொளி:

வணக்கம். சாதாரணக் கறுப்பு வெள்ளைப் பிரிண்டுகளை வீட்டுக் குளியலறையிலேயே இரண்டு ஆண்டுகளாகப் போட்டு வருகிறேன். கை ஓரளவு பழகிவிட்டது என்ற துணிவில் கடந்த மூன்று இரவுகள் லித் முறையில் (அச்சுத் தொழில் ஃபிலிமுக்கான டெவலப்பரை, அதாவது படத்தை வெளிக்கொணரும் கரைசலை, நீர்த்துத் தாளுக்குப் பயன்படுத்தும் முறை) இறங்கினேன். மூன்று இரவும் தோல்விதான், அதுவும் ஒவ்வோர் இரவும் வேறு வேறு விதமான தோல்வி என்பதால் எதைத் திருத்துவது என்றே புரியவில்லை.

நான் பயன்படுத்துவது வெதுநிற (பழுப்புச் சாயல் தரும்) வகையைச் சேர்ந்த, பிளாஸ்டிக் பூச்சில்லாத ஃபைபர் தாள், 8×10 அங்குலம். டெவலப்பர் ஏ, பி என இரண்டு பாகமாக வருவது. இரண்டிலும் 20 மி.லி. எடுத்து ஒரு லிட்டர் நீரில் கலந்தேன். முதல் இரவு, அதே நெகட்டிவுக்கு வழக்கமாகக் கொடுக்கும் 12 விநாடி எக்ஸ்போஷரையே (தாளில் ஒளி விழும் நேரம்) கொடுத்தேன். நிழல் பகுதிகள் கரியாக வந்தன, முகத்தில் ஒன்றுமே வரவில்லை, வெறும் தாள். இரண்டாம் இரவு எக்ஸ்போஷரை 140 விநாடியாக உயர்த்தினேன். முதல் தாளை 9 நிமிடத்தில் எடுத்தபோது நன்றாகவே இருந்தது. அந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு இரண்டாம், மூன்றாம் தாள்களையும் சரியாக 9 நிமிடத்தில் எடுத்தேன். இரண்டாவது சோகையாக வந்தது, மூன்றாவதில் கறுப்பே இல்லை, வெறும் மங்கிய பழுப்பு. மூன்றாம் இரவு, அதே கரைசலில் இன்னும் இரண்டு தாள் போட்டுப் பார்க்கலாம் என்று ஒன்றை 25 நிமிடம் விட்டேன். வானம் முழுவதும் மிளகுத் தூள் தூவியதுபோலக் கரும்புள்ளிகள் வந்துவிட்டன. எங்கே தவறுகிறேன்?

வெள்ளியுப்பு:

நண்பரே, நீங்கள் தோற்கவில்லை. லித் முறையின் மூன்று பாடங்களை மூன்று இரவில் கற்றிருக்கிறீர்கள். எனக்கு அதற்கு ஒரு முழுப் பெட்டித் தாள் தேவைப்பட்டது.

சாதாரணப் பிரிண்டில் டெவலப்மென்ட் நேரத்தை நிலையாக வைத்துக்கொண்டு எக்ஸ்போஷரால் ஒட்டுமொத்த அடர்த்தியை முடிவு செய்கிறோம். ஒரு தாளை இரண்டு நிமிடம் போட்டாலும் இரண்டரை நிமிடம் போட்டாலும் பெரிய வேறுபாடு தெரியாது, ஏனெனில் வேலை முடிந்த பிறகுதான் தாளை எடுக்கிறோம். லித் முறையில் வேலை முடிவதற்கு முன்பே, நடுவழியில், தாளை எடுத்துவிடுகிறோம். அதனால் இரண்டு பொறுப்புகளும் பிரிந்துவிடுகின்றன: வெளிர் பகுதிகளை எக்ஸ்போஷர் தீர்மானிக்கிறது, கறுப்பை நீங்கள் தாளை எடுக்கும் கணம் தீர்மானிக்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு உங்கள் முதல் இரவைப் பாருங்கள். 12 விநாடி என்பது டெவலப்மென்ட் முழுமையாக நடந்தால் போதுமான ஒளி. நடுவழியில் எடுத்தால் முகத்துக்கு அந்த ஒளி போதாது. ஆகவே இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரட்டிப்பாகும்) கூட்டி 48 விநாடியில் தொடங்குங்கள். முகம் இன்னும் வெறுமையாக இருந்தால் மூன்று ஸ்டாப், அதாவது 96 விநாடி. நீங்கள் கொடுத்த 140 விநாடி மூன்றரை ஸ்டாப். அது தவறில்லை, ஆனால் தொடக்கத்துக்குச் சற்று அதிகம். எக்ஸ்போஷர் கூடக் கூட கான்ட்ராஸ்ட் குறையும், நிறம் மெதுவாகப் பரவும்; குறைந்தால் கான்ட்ராஸ்ட் முரட்டுத்தனமாகும். சாதாரணப் பிரிண்டில் ஃபில்டர் செய்யும் வேலையில் பெரும்பகுதியை இங்கே எக்ஸ்போஷர் செய்துவிடுகிறது. நான் ஃபில்டரே போடுவதில்லை.

ஒரு சிக்கனமான வழியும் உண்டு. லித் கரைசலில் டெஸ்ட் ஸ்ட்ரிப் (படிப்படியாக வெவ்வேறு எக்ஸ்போஷர் கொடுத்த சோதனைப் பட்டை) போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். பட்டையின் ஒவ்வொரு படிக்கும் எடுக்க வேண்டிய கணம் வேறு என்பதால் அது குழப்பத்தையே தரும். சாதாரண டெவலப்பரில் ஒரு நல்ல பிரிண்டுக்கான நேரத்தைக் கண்டுபிடித்து, அதை நான்கால் பெருக்கிக்கொண்டு லித் தட்டுக்கு வாருங்கள்.

கரைசல்:

மேலே உள்ள பதிவோடு உடன்படுகிறேன். இரண்டாம், மூன்றாம் இரவுகளின் காரணம் வேதியியலில் இருக்கிறது என்பதால் அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

லித் டெவலப்பரில் பெரும்பாலும் ஹைட்ரோகுவினோன் மட்டுமே டெவலப் செய்யும் பொருள். சாதாரண டெவலப்பரில் சோடியம் சல்ஃபைட் தாராளமாக இருக்கும். ஹைட்ரோகுவினோன் வேலை செய்து ஆக்சிகரணம் அடைந்தவுடன் அந்தக் கழிவைச் சல்ஃபைட் பிடித்து முடக்கிவிடும். லித் டெவலப்பரில், குறிப்பாக ஃபார்மால்டிஹைடு சேர்ந்த வகையில், சல்ஃபைட் மிகக் குறைவாகவே கரைசலில் சுதந்திரமாக உலவுகிறது. அதனால் பாதி ஆக்சிகரணம் அடைந்த ஹைட்ரோகுவினோன், அதாவது செமிகுவினோன், முடக்கப்படாமல் அங்கேயே தங்கிவிடுகிறது. அது ஹைட்ரோகுவினோனைவிடத் தீவிரமாக வேலை செய்யக்கூடியது. எங்கே அதிக வெள்ளி உருவாகிறதோ அங்கே அது அதிகமாகச் சேரும், சேர்ந்தால் பக்கத்துத் துகளையும் பற்றிக்கொள்ளும், அதனால் இன்னும் அதிகமாகச் சேரும். பற்றி எரிவது போன்ற இந்த நடத்தைக்குத்தான் தொற்று டெவலப்மென்ட் என்று பெயர். கோடாக் ஆய்வாளர் ஜே. ஏ. சி. யூல் 1945ஆம் ஆண்டிலேயே இதை விளக்கி எழுதியிருக்கிறார். அச்சுத் தொழிலில் நடுச்சாயல் எதுவும் இல்லாத, கறுப்பும் வெள்ளையும் மட்டுமான ஃபிலிம் வேண்டியிருந்தது. அதற்காக உருவான டெவலப்பர் இது. அதைப் பல மடங்கு நீர்த்துத் தாளுக்குப் பயன்படுத்தி, அது தரக்கூடாத நடுச்சாயலையும் அதனிடமிருந்தே வாங்கிக்கொள்கிறோம் என்பதில் எனக்கு இன்றும் ஒரு குறும்பான மகிழ்ச்சி உண்டு.

நிறத்துக்கும் இதுவே காரணம். தொற்றாத பகுதிகளில் வெள்ளித் துகள்கள் மிக நுண்ணியவையாகவே நின்றுவிடுகின்றன. நுண்ணிய வெள்ளி மஞ்சளாகவும் பழுப்பாகவும் இளஞ்சிவப்பாகவும் தெரியும், பெரிதாக வளர்ந்த வெள்ளி கறுப்பாகத் தெரியும். ஆகவே ஒரே தாளில் குளிர்ந்த கறுப்பும் வெதுவெதுப்பான வெளிர் நிறமும் அருகருகே அமைகின்றன.

இப்போது உங்கள் இரண்டாம் இரவு. ஒரு லிட்டர் நீரில் இருந்தது மொத்தமே 40 மி.லி. செறிவுக் கரைசல். ஒரு 8×10 தாள் அதில் கணிசமான பங்கைத் தின்றுவிடும். தாளின் புரோமைடும் கரைசலில் சேர்ந்து வேகத்தைத் தடுக்கும். முதல் தாளுக்கு 9 நிமிடம் என்றால் இரண்டாவதற்கு 12, மூன்றாவதற்கு 17 ஆவது இயல்பே. மூன்றாம் இரவில் வந்த புள்ளிகளுக்கும் களைத்த கரைசல்தான் காரணம். ஏற்கெனவே கொஞ்சமாக இருந்த சல்ஃபைட்டும் தீர்ந்துபோக, தொற்று கட்டுப்பாடின்றி ஒளிபடாத இடங்களிலும் தற்செயலாகப் பற்றிக்கொண்டது. கலந்து ஓர் இரவு கழிந்த கரைசலை மறுநாள் தனியாகப் பயன்படுத்தியிருக்கக் கூடாது. புதிய கரைசலிலும் புள்ளிகள் வந்தால் லிட்டருக்கு ஒரு கிராம் அளவு சோடியம் சல்ஃபைட் சேர்த்துப் பாருங்கள். அதற்கு மேல் தாராளம் காட்டினால் தொற்றே நின்றுபோய்ச் சாதாரணமான மந்தப் பிரிண்ட்தான் கிடைக்கும்.

நிழல்வேட்டை:

இருவரும் சொன்னவற்றில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கண்ணை மட்டும் நம்பு என்று புதியவரிடம் சொல்லும் திசையில் இந்த உரையாடல் போகிறது என்று அஞ்சுகிறேன். நான் ஒவ்வொரு தாளுக்கும் கடிகாரம் வைத்தே வேலை செய்கிறேன். மொத்த நேரத்தைக் கணக்கில் கொள்வதில்லை. முதல் கறுப்புப் புள்ளி தோன்றும் நேரத்தைக் குறித்துக்கொண்டு, அதை ஒரு குறிப்பிட்ட எண்ணால் பெருக்கி எடுக்கும் நேரத்தைக் கணிக்கிறேன். கரைசல் களைத்தால் முதல் கறுப்பும் தாமதமாகத் தோன்றும், ஆகவே பெருக்கிய நேரமும் தானாகவே நீளும். இவ்வாறு எண்ணில் எழுதிவைக்காவிட்டால் ஒரே பிரிண்டை இரண்டாம் முறை எப்படிப் போடுவது?

வெள்ளியுப்பு:

இரண்டாம் முறை அதே பிரிண்டைப் போட முடியாது, ஐயா. மிக அருகில் போகலாம், அவ்வளவே.

உங்கள் முறையை நானும் ஒரு காலத்தில் பின்பற்றினேன். முதல் இரண்டு தாள்களுக்கு அது அழகாகப் பொருந்தும். பிறகு கரைசல் களைக்கும்போது முதல் கறுப்பு தோன்றுவதற்கான நேரம் ஒரு விகிதத்தில் கூடுவதையும், அந்தக் கறுப்பு பரவும் வேகம் வேறொரு விகிதத்தில் குறைவதையும் என் குறிப்பேட்டிலேயே பார்த்தேன். பெருக்கும் எண்ணையே தாளுக்குத் தாள் மாற்ற வேண்டியதாயிற்று. எண்ணை எப்படி மாற்றுவது என்பதைத் தட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்தேன் என்றால், நேராகத் தட்டையே பார்த்துவிடலாமே என்று தோன்றியது.

மங்கலொளிக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். தாளைக் கரைசலில் இடுவதற்கு முன்பே, படத்தில் எந்த நிழல் கறுக்கும்போது எடுக்கப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். முழுப் படத்தையும் பார்க்க முயன்றால் கண் தடுமாறும். ஒரு கதவிடுக்கு, சட்டையின் மடிப்பு, கண்ணின் பாவை என ஏதாவது ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சில நிமிடங்களுக்கு எதுவும் நடக்காது. பிறகு ஆவி படிந்ததுபோல ஓர் உருவம் தெரியும், அது நெடுநேரம் அப்படியே நிற்கும். அதன் பின் நிழல்களில் கரும்புள்ளிகள் தோன்றி ஒன்றோடொன்று கூடத் தொடங்கும். அங்கிருந்து எல்லாம் வேகம். நீங்கள் குறித்துவைத்த இடத்தில் விவரம் மூடுவதற்குச் சற்று முன்பே தாளைத் தூக்குங்கள், ஏனெனில் நீர் வடியும் சில விநாடிகளிலும் அது வளர்ந்துகொண்டே இருக்கும். வடியக் காத்திருக்காமல் டெவலப்மென்டை நிறுத்தும் அமில ஸ்டாப் பாத்துக்குள் நேராக முழுவதுமாக அமிழ்த்திவிடுங்கள். இங்கே வெறும் நீர் போதாது. பதம் பார்த்து எடுப்பது என்று நம் மொழியில் ஒரு சொல் இருக்கிறதே, அதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் இருட்டறையில் இல்லை.

நிழல்வேட்டை:

பெருக்கும் எண் தாளுக்குத் தாள் மாறுவதை ஏற்கிறேன், என் குறிப்புகளிலும் அது தெரிகிறது. ஆனாலும் குறிப்பேட்டை விட மாட்டேன். எக்ஸ்போஷர், கலவை, வெப்பநிலை, எத்தனையாவது தாள் ஆகிய நான்கையும் பிரிண்டின் பின்புறம் பென்சிலால் எழுதிவைக்கும் பழக்கத்தை மங்கலொளி முதல் நாளிலிருந்தே ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். கண்ணால் எடுத்த முடிவுகூடப் பிறகு ஒப்பிட்டுப் பார்க்க எழுத்தில் இருந்தால்தான் பயன்படும்.

மங்கலொளி:

மூவருக்கும் மிக்க நன்றி. எனக்கு இப்போது இரண்டு ஐயங்கள். ஒன்று, சிவப்பு விளக்கின் கீழ் மிகச் சரியாக இருப்பதாகத் தோன்றிய பிரிண்ட், வெள்ளை விளக்கில் பார்க்கும்போது வெளிர் பகுதிகளில் அழுக்காகத் தெரிகிறது. இது விளக்கின் கசிவா? இரண்டு, கரைசலை எவ்வளவு எடுக்க வேண்டும், எவ்வளவு சூடாக வைக்க வேண்டும்?

கரைசல்:

விளக்கை முதலில் சோதித்துவிடுங்கள். சாதாரணப் பிரிண்ட் இரண்டு நிமிடம்தான் விளக்கின் கீழ் திறந்து கிடக்கும். லித் பிரிண்ட் கால் மணி நேரம் கிடக்கிறது. ஒரு துண்டுத் தாளுக்கு மெல்லிய சாம்பல் நிறம் வரும் அளவு மட்டும் பெருக்கியின் (என்லார்ஜர்) ஒளியைக் கொடுத்து, அதன் மேல் ஒரு நாணயத்தை வைத்து, தட்டு இருக்கும் அதே தொலைவில் இருபது நிமிடம் விட்டுப் பிறகு சாதாரண டெவலப்பரில் போடுங்கள். நாணயத்தின் வட்டம் தெரிந்தால் விளக்கு கசிகிறது. முன்னொளி கொடுக்காமல் வெள்ளைத் தாளில் இந்தச் சோதனையைச் செய்தால் விளக்கு நல்லதென்றே காட்டும், அதை நம்பாதீர்கள். ஆம்பர் நிற விளக்குகள் இந்த வேலைக்கு வேண்டாம்.

ஆனால் உங்கள் விளக்கு நல்லதாகவே இருந்தாலும் இந்த ஏமாற்றம் நேரும். வெளிர் பகுதியில் உருவாகும் நிறம் பழுப்பு கலந்த இளஞ்சிவப்பு. சிவப்பு ஒளியில் அந்த நிறமும் வெள்ளைத் தாளும் ஏறத்தாழ ஒன்றாகவே தெரியும். முகத்தில் இன்னும் ஒன்றும் வரவில்லையே என்று பதறி நீங்கள் காத்திருக்கிறீர்கள், அங்கே ஏற்கெனவே போதுமான நிறம் சேர்ந்துவிட்டது. அதனால்தான் எடுக்கும் கணத்தை நிழலை வைத்து முடிவு செய் என்கிறோம். வெளிர் பகுதியைப் பற்றிய தீர்ப்பை, படத்தை நிலைப்படுத்தும் ஃபிக்ஸருக்குப் பின், வெள்ளை வெளிச்சத்தில் சொல்லுங்கள். அங்கேயும் அவசரம் வேண்டாம். ஃபிக்ஸரில் வெளிர் பகுதி சற்று வெளுக்கும், நிறம் மாறும். உலரும்போது மீண்டும் அடர்ந்து வேறொரு நிறமாகும். சில தாள்கள் ஈரத்தில் பச்சை கலந்த மஞ்சளாக இருந்து, உலர்ந்த பின் இளஞ்சிவப்பாவதைப் பார்த்திருக்கிறேன். நுண்ணிய வெள்ளியைச் செறிவான ரேபிட் ஃபிக்ஸர் அரிக்கக்கூடும் என்பதால் நீர்த்த ஃபிக்ஸரில் தேவையான நேரம் மட்டுமே வையுங்கள்.

அளவைப் பொறுத்தவரை, 8×10 தாளுக்கு ஒரு லிட்டர் என்பது குறைந்தபட்சம். இரண்டு லிட்டர் இருந்தால் மூன்று நான்கு தாள்களை அமைதியாகப் போடலாம். ஒவ்வொரு தாளுக்கும் பிறகு கொஞ்சம் புதிய கரைசலைச் சேர்ப்பவர்களும் உண்டு. வெப்பநிலை கூடினால் வேகமும் கூடும். 25 டிகிரி செல்சியஸ் அளவில் தொடங்குங்கள். சிலர் 35 டிகிரிக்கு மேலும் போகிறார்கள், அதில் கரைசலை மேலும் நீர்க்க முடிவதால் நிறம் அதிகமாகும். பெரிய தட்டில் வெந்நீர் ஊற்றி அதற்குள் டெவலப்பர் தட்டை மிதக்க வைத்தால் சூடு நிலையாக இருக்கும். கடைசித் தாள்வரை தட்டைத் தொடர்ந்து, ஆனால் மென்மையாக ஆட்டிக்கொண்டே இருங்கள். நடுவே நிறுத்தினால் கோடுகோடாக வரும்.

ஒரு எச்சரிக்கையைச் சொல்லாமல் விட முடியாது. ஃபார்மால்டிஹைடு சேர்ந்த டெவலப்பரின் ஆவி கண்ணையும் தொண்டையையும் எரிக்கும், அந்தப் பொருள் புற்றுநோய் விளைவிப்பதாக வகைப்படுத்தப்பட்டது. குளியலறையில், அதுவும் சூடான கரைசலோடு, காற்றை வெளியேற்றும் விசிறி இல்லாமல் வேலை செய்யாதீர்கள். கையுறையும் இடுக்கியும் கட்டாயம்.

தாமதவாசகன்:

இழையை முழுவதும் படித்தேன். என்னிடம் இருப்பது பிளாஸ்டிக் பூச்சுள்ள ஆர்.சி. தாள் மட்டுமே. நீங்கள் சொன்னபடி எக்ஸ்போஷர் கூட்டியும் நிறமும் வரவில்லை, தொற்றும் வரவில்லை. தாளும் ஒரு காரணமா?

வெள்ளியுப்பு:

தாள்தான் முதல் காரணம். இந்த இழையில் அதைத் தொடக்கத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். எல்லாத் தாளும் லித் முறைக்கு இணங்காது. பல ஆர்.சி. தாள்களில் வேகத்துக்காகத் தாளின் பூச்சுக்குள்ளேயே டெவலப்பர் சேர்த்திருப்பார்கள். அது தன் வேலையை முதலில் முடித்துவிடும், தொற்றுக்கு இடமே இராது. குளோரோபுரோமைடு வகை வெதுநிறத் தாள்கள்தான் நன்றாக இணங்குகின்றன. ஹங்கேரியின் ஃபோர்ட்டே தாள்கள் ஒரு காலத்தில் இதற்குப் பேர்போனவை, அந்த ஆலை 2007இல் மூடப்பட்டது. இன்று பலரும் எடுப்பது செக் நாட்டின் ஃபோமடோன் எம்.ஜி. கிளாசிக் 131, 132 ஆகியவற்றை. அவை வேகம் குறைந்தவை, எக்ஸ்போஷர் நிமிடக் கணக்கில் போனாலும் வியக்காதீர்கள். ஆனால் நிறத்தை வாரி வழங்கும்.

உங்கள் தாளை எறிந்துவிட வேண்டியதும் இல்லை. சாதாரண டெவலப்பரில் நன்றாகப் போட்டு, முழுமையாக ஃபிக்ஸ் செய்து கழுவிய பிரிண்டை, பிரிண்டைப் பழுப்பாக்கும் செபியா டோனர் பெட்டியில் வரும் பிளீச் கரைசலிலோ, காப்பர் சல்ஃபேட் பிளீச்சிலோ வெளுக்கச் செய்து, நன்றாகக் கழுவி, மீண்டும் நீர்த்த லித் டெவலப்பரில் இடலாம். வெள்ளி மறுபடி உப்பாக மாறிவிடுவதால் தொற்று புதிதாகத் தொடங்கும். முதல் முறையில் இணங்காத பல தாள்கள் இரண்டாம் முறையில் அருமையான நிறம் தருகின்றன. இதில் பெரிய வசதி, எல்லாவற்றையும் அறை வெளிச்சத்திலேயே செய்யலாம், எடுக்கும் கணத்தைச் சிவப்பு விளக்கில் தேட வேண்டியதில்லை. நடுவழியில் எடுத்தால் மீண்டும் ஃபிக்ஸ் செய்ய மறவாதீர்கள், இல்லாவிட்டால் எஞ்சிய உப்பு நாளடைவில் கறுத்துவிடும். மங்கலொளிகூட பதம் பார்க்கக் கண்ணைப் பழக்குவதற்கு இதை ஒரு பயிற்சியாகச் செய்யலாம்.

மங்கலொளி:

ஒரு வாரம் கழித்து வருகிறேன். நாணயச் சோதனையில் வட்டம் தெளிவாகத் தெரிந்தது. விளக்கைத் தட்டிலிருந்து இரண்டடி தள்ளிச் சுவர் பக்கம் திருப்பிய பிறகு மறைந்தது. இரண்டு லிட்டர் கரைசல், 26 டிகிரி, எக்ஸ்போஷர் 80 விநாடி. படத்தில் இருக்கும் பெரியவரின் மூக்குக்கண்ணாடிச் சட்டத்தின் கீழ் நிழலைக் குறியாக வைத்துக்கொண்டேன். முதல் தாள் 7 நிமிடம் 40 விநாடி, இரண்டாவது 9 நிமிடம், மூன்றாவது 11 நிமிடத்துக்கு மேல். மூன்றும் ஒன்றுபோல இல்லை, ஆனால் மூன்றிலும் முகத்தில் நிறம் இருக்கிறது, சட்டத்தின் கீழ் கறுப்பும் இருக்கிறது. மூன்றாவதில்தான் இளஞ்சிவப்பு அதிகம், எனக்குப் பிடித்ததும் அதுவே. களைத்த கரைசல் நிறத்தைக் கூட்டுகிறதா?

கரைசல்:

ஆம். அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் பழுப்பேறிய பழைய கரைசலைக் கொட்டுவதில்லை. ஒரு புட்டியில் காற்றுப் புகாமல் வைத்திருந்து, அடுத்த முறை புதிய கரைசல் ஒரு லிட்டருக்கு 200 முதல் 300 மி.லி. வரை சேர்ப்பார்கள். முன்பு அதைத் தனியாகப் பயன்படுத்த வேண்டாம் என்றுதான் சொன்னேன். இப்படிக் கலந்தால் முதல் தாளிலேயே மூன்றாம் தாளின் நிறம் வரும்.

நிழல்வேட்டை:

மூன்று நேரங்களையும் எழுதிவைத்திருப்பதைப் பார்த்து மகிழ்ந்தேன். முதல் கறுப்பு தோன்றிய நேரங்களையும் குறித்திருந்தால் இங்கே இடுங்கள், வெள்ளியுப்பு அவர்களுடன் எனக்கு இன்னும் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது.

மங்கலொளி:

குறித்திருக்கிறேன்: 4 நிமிடம் 50 விநாடி, 5 நிமிடம் 20 விநாடி, 6 நிமிடம் 5 விநாடி.

நிழல்வேட்டை:

முதல் தாளுக்கு ஏறக்குறைய 1.6, இரண்டாவதற்கு 1.7, மூன்றாவதற்கு 1.8 என்று வருகிறது. எண் ஏறிக்கொண்டே போகிறது. வெள்ளியுப்பு அவர்கள் சொன்னதே சரி. ஆனாலும் சீராக ஏறுகிறது என்பதைக் கவனியுங்கள், ஐயா.

வெள்ளியுப்பு:

கவனித்தேன். நான்காவது தாளைப் போட்டுவிட்டுப் பேசுவோம்.